எல்லாருக்கும் ராஜமாணிக்கம்

மலைக்கு மலை மணி கட்டி ஆண்ட காலத்தில், செங்குன்ற நாட்டில் வீரவழுதி என்றொரு அரசர் இருந்தார். கொடுப்பதில் கர்ணன், யோசிப்பதில் அவசரக்காரர். அவருடைய நாணயச்சாலைக்கும் கருவூலத்துக்கும் தலைவர் அம்பலவாணர். தாத்தா காலத்தில் பதவிக்கு வந்தவர், பேரன் காலத்திலும் அசையாமல் இருந்தார். கருமி என்று ஊர் ஏசும். அரசரையே அடக்கி வைத்திருக்கிறார் என்று அரண்மனை முணுமுணுக்கும். மனிதர் காதில் வாங்கவே மாட்டார்.

அரசருக்குக் குன்றின்மேல் வசந்த மாளிகை கட்ட ஆசை வந்தது. பணம் போதாது என்றார் அம்பலவாணர். அவர் நாற்காலிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த சபைப் பிரமுகர் மார்த்தாண்டராயர், பொன்னில் பாதிக்குப் பாதி செம்பைக் கலந்தால் ஒரு காசு இரண்டாகுமே, இந்தக் கிழவர் வேண்டுமென்றே தடுக்கிறார் என்று அரசர் காதில் ஓதினார். அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. செம்பைக் கலக்கிறீரா, பதவியை விடுகிறீரா என்று சபையிலேயே கேட்டார்.

அம்பலவாணர் கூலிக்காரர்களை நினைத்தார். செம்புக் காசைக் கூலியாக வாங்குகிறவனுக்கு எவன் அரிசி தருவான்? ஆனாலும் சிரித்த முகமாகவே சொன்னார்: "கலந்துவிடலாம், அரசே. அதற்கு முன்னால் ஒரு சந்தோஷம் கொண்டாடுவோம். ராயருக்கு மட்டும் தந்திருக்கும் 'ராஜமாணிக்கம்' பட்டத்தை எல்லாருக்கும் கொடுங்கள்."

கொடுப்பதென்றால் அரசருக்குக் கசக்குமா? அன்றைக்கே சமையல்காரர், சலவைக்காரர், பல்லக்குத் தூக்கிகள் எல்லாரும் ராஜமாணிக்கம் ஆனார்கள். உற்சாகத்தில் பட்டத்து யானைக்கும் ஒன்று போயிற்று. கடைத்தெருவில் யாரோ "ராஜமாணிக்கம்!" என்று கூப்பிட, தெருவே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் ராயர் சபைக்குள் மூச்சிரைக்க வந்தார். தன் மானம் போய்விட்டது என்று புலம்பினார்.

அரசருக்குப் புரியவில்லை. "உம்முடைய பட்டத்தில் ஓர் எழுத்தாவது குறைந்ததா ராயரே?"

"எழுத்து இருந்து என்ன பிரயோசனம், அரசே? ஊரெல்லாம் வாரி இறைத்த பிறகு அதை எவன் மதிப்பான்? பூக்காரிகூடச் சிரிக்கிறாள்."

அம்பலவாணர் மெல்ல எழுந்து கும்பிட்டார். "காசைப் பற்றி நான் சொல்ல நினைத்ததை ராயரே சொல்லிவிட்டார்."

அரசர் ராயரைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். பிறகு சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். செம்புக் கட்டளை அப்போதே ரத்தாயிற்று. கொடுத்த பட்டங்களை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கும் வேலை ராயர் தலையில் விழுந்தது.

என்ன பரிசு வேண்டும் என்று அரசர் கேட்டபோது, வயதாகிவிட்டது, ஓய்வு தாருங்கள் என்றார் அம்பலவாணர்.

"அது மட்டும் என் கருவூலத்தில் இல்லை" என்று சொல்லி, அவரைக் கையைப் பிடித்துப் பழைய நாற்காலியிலேயே உட்காரவைத்தார் அரசர்.