துண்டுக்குள் சொன்ன விலை

ராக்கியப்பனுக்குக் கோபம் வந்தால் எதிரே இருப்பது ஆளா சுவரா என்று பார்க்க மாட்டார். அன்றைக்கு எதிரே இருந்தது மருந்துக்கடை தனபாலன்.

இடம், பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பங்குச் சந்தை வகுப்பு நடக்கும். நடத்துகிறவர் அரசி டீச்சர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தே தலை நரைத்துப்போன ராக்கியப்பன், அவரைத்தான் குரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். எவனோ சொன்னதைக் கேட்டு வாங்கிய பங்குகளில் கையைச் சுட்டுக்கொண்டு நின்ற மனுஷனை உட்காரவைத்து, கம்பெனிக் கணக்கை எப்படிப் படிப்பது என்று காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி.

அன்றைய சண்டை ஒரு கம்பெனியைப் பற்றியது. மனிதன் எடுக்கிற படம், பேசுகிற பேச்சு, பேங்க் கணக்கு என்று சகலத்தையும் பதிந்துவைக்கிற டிஸ்க் செய்கிற கம்பெனி. லாபம் போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு. ஆனால் லாபக் கணக்கு வெளியான மறுநாளே பங்கு விலை சறுக்கிவிட்டது. இப்போது தொள்ளாயிரத்தில் நிற்கிறது.

"பெருசா வாங்கறவன் மூணே பேருங்க," என்றார் தனபாலன். "மூணு பேரும் இந்த வருஷமே குடோன் குடோனா வாங்கி அடுக்கிட்டான். அடுத்த வருஷம் எவன் வாங்குவான்? இது அறுநூறு பெறும். அதுக்கு மேல ஒரு ரூபா பெறாது."

"ஏப்பா, மனுசன் போட்டோ எடுக்கறதை நிறுத்தீருவானா? இப்பக் கம்ப்யூட்டரே படம் வரையுது, பாட்டுப் பாடுது. அதையெல்லாம் உன்ற மாத்திரை டப்பாவுலயா போட்டு வெப்பாங்க?"

கூடமே சிரித்தது. ராக்கியப்பன் அதோடு விட்டிருக்கலாம்.

"ரெண்டாயிரம் போகும்! போகலீன்னா என்ற மீசையச் செரைச்சுக்கறேன்!" என்று மேசையைக் குத்தினார். டீ டம்ளர் கவிழ்ந்து உருண்டது.

வகுப்பு கலைந்தது. எல்லோரும் போன பிறகும் அவர் போகவில்லை. தோள் துண்டை எடுத்து, சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"டீச்சர், என்ற காசோட எங்க தெய்வானை அக்கா தோப்பு வித்த பணமும் இதுலதான் கெடக்குது. நான் சொன்னேன்னுதான் போட்டுது. தை மாசம் வூடு கட்டோணும், எடுத்துக் குடு தம்பீங்குது. இன்னிக்குப் பதில் சொல்றேன்னுட்டேன். விக்கறதுங்களா, வெச்சுக்கறதுங்களா?"

டீச்சர் அந்த ஈரத் துண்டை வாங்கித் தன் வலது கைமேல் போட்டுக்கொண்டு, கையை நீட்டினார்.

"பேசுங்கண்ணா."

துண்டுக்கு அடியில் கை கோத்துப் பேரம் பேசுவது மாட்டுச் சந்தை வழக்கம். வாய் பேசாது. பிடிக்கிற விரல்தான் விலை. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. ராக்கியப்பன் வாயால் சொல்லாத பொய் கிடையாது. கிழட்டு மாட்டைக் கன்னி என்று விற்றவர். துண்டுக்குள் மட்டும் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

"என்னங் டீச்சர், வெளையாட்டு..."

"உங்ககிட்ட ஒரு பங்குகூட இல்லைன்னு வெச்சுக்குங்க. கையில உங்க சொந்தக் காசு. இந்தக் கம்பெனிய இன்னிக்கு என்ன விலைக்குக் கேப்பீங்க? ஒரு விரல் நூறு ரூபா."

அவர் சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டார். துணி மூடியதும் சிரிப்பு நின்றது. கை பழைய தரகன் கையாகிவிட்டது. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. விட்டது. பிறகு ஒற்றை விரலைப் பிடித்தது.

ஆறு.

ராக்கியப்பனுக்குக் காது சூடேறியது. "அந்த மாத்திரைக்காரன் சொன்ன விலையில்லீங்களா இது!"

டீச்சர் கையை எடுக்கவில்லை.

"இது உங்க காசுக்கு. இப்ப உங்க அக்கா காசுக்குக் கேளுங்க."

துண்டுக்குள் கை கிடந்தது. விரல்கள் எதையும் பிடிக்கவில்லை. மெல்ல மடங்கிக்கொண்டன. சந்தையில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். மாடு வேண்டாம்.

அவர் துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டார்.

"பின்ன எதுக்குங் டீச்சர், அந்தக் குத்துக் குத்துனேன்?"

"கூட்டம் இருந்துதுங்கண்ணா."

அவர் செல்போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, நாளைக்குச் சந்தை தொறந்ததும் உன்னுது என்னுது எல்லாம் வித்தர்றேன். மேஸ்திரிய வரச் சொல்லு."

"எறங்கீருச்சாமேடா. நட்டமா தம்பி?"

"நட்டமில்லக்கா. போட்டதுக்கு மேலயே நிக்குது. வாசக்காலுக்குத் தேக்கே போடலாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நீ நல்லா இருப்படா," என்றாள் அக்கா. ராக்கியப்பன் சட்டென்று போனை வைத்துவிட்டார். இல்லாவிட்டால் அவரும் உறிஞ்ச வேண்டியிருக்கும்.

பிறகு திரையில் அந்தக் கம்பெனியின் பெயரை வரவைத்தார். கறந்த மாட்டை விற்கும்போது நெற்றியைத் தடவுவதுபோல் கட்டைவிரலால் அதைத் தடவினார்.

"நல்லாக் கறந்தே, தாயி. போற எடத்துல நல்லா இரு."

போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார். கும்பிட்ட கை இறங்கவில்லை.

"உங்களுக்கு நான் என்னங் செய்யறது?"

"துண்டை அலசிப் போடுங்க. சர்க்கரைக்கு எறும்பு வரும்."

சிரித்துக்கொண்டே வாசல்வரை போனவர் நின்றார். மீசையைத் தடவினார். மனசு கேட்கவில்லை.

"அப்ப அந்தத் தனபாலன் சொன்னதுதான் சரிங்களா? கம்பெனி அறுநூறுக்கு வந்துருமா?"

"தெரியாதுங்கண்ணா," என்றார் டீச்சர். "அவர் கையை நான் இன்னும் துண்டுக்குள்ள பிடிச்சுப் பாக்கலையே."