சந்தனமேரியின் சடை

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் ஜெபக்கூட்டத்துச் செல்லக்கனி அக்கா. என் கடைசி மகளுக்குப் பால்குடி மறக்கடித்த வருஷம் அது. அக்கா அப்போது சிஸ்டர் அமலி நடத்திய பெண்கள் இல்லத்தில் சமையல் பார்த்தார்கள். சொல்லும்போதுகூட அவர்களுக்குக் கோபம் ஆறவில்லை. யார்மேல் என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஜெனோவா பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை. சனிக்கிழமை தவறாமல் இல்லத்துக்கு வருவாள். அங்கே வாதம் வந்து வலது கை விழுந்துபோன சந்தனமேரி இருந்தாள். "தலையைக் காட்டுங்க சந்தனம்மா" என்று உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, சடை பின்னிவிடுவாள். அந்த வேலையைக் கொடுத்ததும் சிஸ்டர்தான், கட்டுரை எழுதப் பழக்கியதும் சிஸ்டர்தான்.

தன் சேவையைப் பற்றியே அவள் ஒரு கட்டுரை எழுதினாள். மாவட்டத்தில் முதல் பரிசு. மாநிலப் போட்டிக்குப் போக வேண்டுமானால், அவள் செய்த சேவை உண்மை என்று சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

சிஸ்டர் கட்டுரையை வாசித்தார்கள். பேனாவை எடுக்கவில்லை.

"இதைச் சந்தனமேரிகிட்ட வாசிச்சுக் காட்டினியா?"

"அவங்களுக்கு எதுக்கு சிஸ்டர்? நடுவருங்க வாசிச்சாச்சே."

"வாசிச்சுக் காட்டிட்டு வா."

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். கட்டில் ஓரத்தில் நின்றபடியே படபடவென்று வாசித்தாள். கட்டுரை "ஆதரவற்ற ஒரு தாய்" என்று தொடங்கி, அதே வார்த்தையில் முடிந்தது.

சந்தனமேரி கண்ணை மூடிக் கேட்டாள்.

"மீன்குழம்பு கேட்டு அழுதேன்னா எழுதியிருக்கே? அழலட்டி. சண்டை போட்டேன். செல்லக்கனிகிட்ட கேளு."

"ஆமா, என் கையில இருந்த கரண்டியைப் பிடுங்கினா" என்றார்கள் வாசலில் நின்ற அக்கா.

"சரி, என் பேரு எங்கட்டி?"

"பேரு போடல. ஆதரவற்ற தாய்னுதான் போட்டிருக்கேன்."

"அப்படின்னா?"

"யாருமே இல்லாதவங்க."

"நானா?"

"ஆமா சந்தனம்மா."

"அப்போ வாரா வாரம் வந்து என் தலையைப் பின்னுறவ யாரு?"

ஜெனோவா சீப்பை எடுத்தாள். சந்தனமேரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வைட்டி அதை. யாருமில்லாதவளுக்குச் சடை ஒரு கேடா?"

பிள்ளை கொதித்துப்போய் சிஸ்டரிடம் வந்தாள்.

"இது நியாயமா சிஸ்டர்? மழையில நனைஞ்சுட்டு வந்திருக்கேன். பரீட்சைக்கு முந்தின நாளும் வந்திருக்கேன். என் கிளாஸ்ல ஒருத்தி ஒரே ஒரு நாள் வந்து, போட்டோ எடுத்துட்டுப் போனா. அவளை யாரும் ஒரு கேள்வி கேக்கல. என்னை மட்டும் ஒரு வார்த்தைக்காக நிறுத்தி வைக்கிறீங்க. நான் செஞ்சது பொய்யா?"

"பொய்யில்ல."

"அப்போ கையெழுத்துப் போடுங்க."

சிஸ்டர் போட்டார்கள். இல்லத்து முத்திரையையும் குத்தி நீட்டினார்கள்.

வாங்கிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

"போடுறதா இருந்தா முதல்லயே போட்டிருக்கலாமே. எதுக்கு வாசிக்க அனுப்பினீங்க? இப்போ அவங்க என்னைத் தொடவே விடமாட்டேங்கிறாங்க. நீங்க வந்து சொல்லுங்க."

"கையெழுத்து நான் போடலாம் பிள்ள" என்றார்கள் சிஸ்டர். "தலையைக் காட்ட வேண்டியது அவங்க."

ஜெனோவா குனிந்து பார்த்தாள். ஒரு கையில் தாள், மறு கையில் சீப்பு.

அக்கா இவ்வளவுதான் சொன்னார்கள். நீங்கள் இதை யாரிடமாவது சொல்வதானால், சந்தனமேரி என்று பேரைச் சொல்லியே சொல்லுங்கள்.