ஆவுடையம்மாளின் தோசைக் கரண்டி

மாணவருக்கு வயது ஐம்பத்தெட்டு. குரு அவரைவிட இருபது வயது இளையவள். அதனால் ஒருவரை ஒருவர் எப்படி அழைப்பது என்பதில் இருவருக்கும் உடன்பாடே வரவில்லை. அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

சங்கரபாண்டியன் பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணப் படங்களுக்குப் பேர்போனவர். முழங்கால் வலி வந்தபிறகு ஸ்டுடியோவைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தார்.

ஒருநாள் கடைத்தெருவுக்குப் போன இடத்தில் புகைப்படக் கண்காட்சி என்று ஒரு பலகையைப் பார்த்தார். உள்ளே போனார்.

சுவரில் மனிதர்களே இல்லை. காஸ் சிலிண்டரை நகர்த்திய இடத்தில் தரையில் கிடந்த துரு வட்டம். கொடிக் கம்பியில் இரண்டு கிளிப்புகள், ஒன்று வெயிலில் வெளுத்தது. பால் தீய்ந்துபோன பாத்திரத்தின் அடி. ஆணியில் தொங்கும் குக்கர் ரப்பர் வளையம்.

"இதையெல்லாம் நம்ம வீட்டுலயே பார்க்கலாமே" என்றார் பக்கத்தில் நின்றவர்.

சங்கரபாண்டியன் அந்த வளையத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். யாரோ இப்போதுதான் அதைக் கழுவி மாட்டிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனது போல இருந்தது. அந்த ஆள் படத்தில் இல்லை. ஆனால் அடுக்களையை விட்டு ரொம்ப தூரம் போயிருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது.

படங்களை எடுத்தவள் தூத்துக்குடிக்காரி, பெயர் ஜெசிந்தா என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். மறுநாளே பஸ் ஏறினார்.

மாடி வீடு. கதவைத் திறந்தவள் கையில் ஈர மாவு ஒட்டியிருந்தது.

"எனக்குச் சொல்லிக்கொடுக்கணும், டீச்சர்."

"நீங்க கேமரா பிடிக்க ஆரம்பிச்சப்ப நான் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டேன் அண்ணாச்சி."

"அதனால என்ன? நான் எடுத்த படத்தையெல்லாம் ஆல்பத்துல வச்சு மூடிருதாங்க. உங்க படத்துக்கு முன்னால நின்னா நகர முடியல."

அவள் சிரித்தாள். குளியலறைக்குப் போய் ஒரு நீல வாளியை எடுத்து வந்து அவர் முன் வைத்தாள்.

"இதைப் படம் எடுத்துட்டு வாங்க."

சங்கரபாண்டியன் வாளியை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார். பின்னால் கறுப்புத் துணி கட்டினார். மூன்று பக்கம் விளக்கு வைத்தார். வாளியின் மேல் தண்ணீர் தெளித்தார். துளிகள் முத்துப் போல நின்றன. தம்பி மகன் வந்து எட்டிப் பார்த்து, "யாருக்குப் பெரியப்பா கல்யாணம்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஜெசிந்தா அந்தப் படத்தை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அழகா இருக்கு அண்ணாச்சி. பொண்ணு அலங்காரம் மாதிரியே இருக்கு."

"சந்தோஷம் டீச்சர்."

"வாளி எங்க?"

அவர் திரும்பிப் போனார். இந்தமுறை விளக்கு வைக்கவில்லை. வீட்டுக் குளியலறையில், ஜன்னல் வெளிச்சத்தில், அவள் படங்களை நினைத்து நினைத்து எடுத்தார். தரையில் கொஞ்சம் ஈரம், சுவரில் கொஞ்சம் நிழல்.

"இது நான் எடுத்த மாதிரியே இருக்கு" என்றாள் ஜெசிந்தா.

"அப்படியா டீச்சர்?"

"ஆமா. அதுக்குத்தான் நான் இருக்கேனே அண்ணாச்சி."

அவருக்கு முகம் வாடிவிட்டது. "என்ன தப்புன்னு சொல்லிருங்க. திருத்திக்கிடுதேன்."

அவள் கீழே எட்டிப் பார்த்தாள். தெருக்குழாயில் தண்ணீர் வந்திருந்தது. அதே நீல வாளியை அவர் கையில் கொடுத்தாள்.

"ஒரு வாளி பிடிச்சுட்டு வந்திருதியளா?"

சங்கரபாண்டியன் கீழே போனார். வரிசையில் நின்றார். நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். கம்பிப் பிடி உள்ளங்கையை அறுத்தது. பாதி வழியில் கையை மாற்றினார். தண்ணீர் தளும்பி வேட்டியை நனைத்தது.

மேலே கொண்டுவந்து வைத்ததும் ஜெசிந்தா, "மோர் குடிச்சுட்டுப் போங்க அண்ணாச்சி" என்றாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஆவுடையம்மாள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். இடது கைக்காரி. கரண்டியும் இடது கையில்தான்.

"பாடம் கேக்கப் போனா தண்ணி தூக்க விடுதா."

"நம்ம வீட்டுல ஒரு நாளாவது தூக்கியிருக்கியளா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"என்னால முடியாததை அந்தப் புள்ள முடிச்சுட்டாளேன்னு சொல்லுதேன்." தோசையைத் திருப்பினாள். "எனக்கு அவளைப் பாக்கணும் போல இருக்கு. ஒருநாள் கூட்டிட்டுப் போங்க."

"போவோம், போவோம்" என்றார்.

கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒருநாள் காலையில் தலை சீவிக்கொண்டிருந்த ஆவுடையம்மாளின் கையிலிருந்து சீப்பு விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சாய்ந்தாள்.

உயிருக்கு ஆபத்து இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பேச்சு கொஞ்சம் குழறி, பிறகு தெளிந்தது. இடது கால் மெல்ல அசைந்தது. இடது கை மட்டும் அசையவில்லை. பிறர் மடக்கினால் விரல் மடங்கும், தானாக மடங்காது. நாள்பட்டால் வரலாம், பயிற்சி முக்கியம் என்றார் டாக்டர்.

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் வந்து இருந்தாள். லீவு முடிந்து அழுதுகொண்டே போனாள். அதன்பிறகு சங்கரபாண்டியன்தான் எல்லாம். காலையில் வீட்டுக்கு வந்து குளித்து, ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். கேமரா பீரோவுக்குள் கிடந்தது.

"கஞ்சி குடிச்சு வாய் செத்துப்போச்சு" என்றாள் ஆவுடையம்மாள். "ஒரு தோசை கிடைக்குமா?"

மறுநாள் கடையில் மாவு வாங்கி வந்து கல்லை அடுப்பில் போட்டார். மாவு ஊற்றியது ஒழுங்காகத்தான் இருந்தது. திருப்பத்தான் வரவில்லை. கரண்டி தோசைக்கு அடியில் போக மறுத்தது. ஒரு முனை கல்லைத் தொட்டால் மறு முனை தூக்கிக்கொண்டு நின்றது. முதல் தோசை கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவதை ஊற்றினார்.

கரண்டி வளைந்துவிட்டதோ என்று தூக்கிப் பார்த்தார். வளையவில்லை. இரும்புத் தகட்டின் ஒரு ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்து போயிருந்தது.

என்னவோ தோன்றி, கரண்டியை இடது கைக்கு மாற்றினார். கல்லின் மேல் வைத்தார். அது இழைந்து படிந்தது.

 கல்லில் மூன்றாவது தோசை கருகிப் புகைந்தது. அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவி மேடையில் வைத்தார். பீரோவைத் திறந்து கேமராவை எடுத்து வந்தார். எதையும் நகர்த்தவில்லை. ஒரே ஒரு படம் எடுத்தார். பிறகு இடது கையாலேயே தோசை சுட்டு எடுத்துக்கொண்டு போனார்.

படத்தை அச்சுப் போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்குப் போக ஒரு வாரம் ஆயிற்று. ஆவுடையம்மாளுக்கு அன்று அவள் தங்கை துணை இருந்தாள்.

ஜெசிந்தா படத்தை வாங்கிப் பார்த்தாள். நின்றுகொண்டு பார்த்தவள் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். அவர் காத்திருந்தார்.

"மதினிக்கு இடது கைப் பழக்கமா?"

அவள் ஆவுடையம்மாளைப் பார்த்ததில்லை. சங்கரபாண்டியன் எல்லாவற்றையும் சொன்னார். சீப்பு விழுந்ததை, கையை, கிழிந்த தோசைகளை.

"மதினிகிட்ட இதைக் காட்டினியளா?"

"இல்ல. நீங்க பார்த்துச் சரின்னு சொன்னப்புறம்..."

"நான் சொல்ல இதுல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அவங்ககிட்ட காட்டுங்க." படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அடுத்த மாசம் மதுரையில கண்காட்சி இருக்கு. என் படங்களுக்குப் பக்கத்துல இதையும் மாட்டணும்னு எனக்கு ஆசை. மதினி சம்மதிச்சா கொண்டாங்க."

மறுநாள் ஆஸ்பத்திரியில் படத்தை எடுத்து ஆவுடையம்மாளின் மடியில் வைத்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். வலது கை விரலால் அந்தத் தேய்ந்த ஓரத்தைத் தடவினாள்.

"என் கையை எப்ப போட்டோ எடுத்திய?"

கேட்டதுமே அவள் அழுதுவிட்டாள். அவர் தோளில் கை வைத்தார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அவர் தூத்துக்குடி வந்தபோது ஜெசிந்தா மதுரைக்குப் போகவேண்டிய படங்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள்.

"சம்மதிச்சாங்களா?"

"நான் கேக்கவே இல்ல டீச்சர். தப்புப் பண்ணிட்டேன். படத்தைப் பார்த்து அவ அழுதுட்டா. போன கையை ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிருச்சு. இதைக் கிழிச்சுப் போட்டுரலாம்னு இருக்கேன்."

"அழுதுட்டு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே?"

அவர் யோசித்தார். "நான் கிளம்பும்போது, கரண்டியைக் கழுவி ஈரம் போகத் துடைச்சு வச்சியளான்னு கேட்டா. துரு பிடிச்சிருமாம்."

"வேற?"

"தங்கச்சிகாரி ஊருக்குப் போகும்போது அதை எடுத்துட்டுப் போயிரப் போறா, பாத்துக்கிடுங்கன்னா."

ஜெசிந்தாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

"அப்புறம் படத்தைப் பத்தியும் சொன்னாளே" என்றார் அவர். "நேத்து. மாட்டத்தானே எடுத்திய, எங்கயாவது மாட்டிக்கிடுங்கன்னா. கோபத்துல சொன்னாளா, மனசாரச் சொன்னாளான்னு எனக்குத் தெரியல."

"கைக்குப் பயிற்சி நடக்கா?"

"எங்க நடக்கு? ரப்பர் பந்து ஒண்ணு கொடுத்திருக்காங்க. இடது கையில வச்சு அமுக்கணுமாம். தொட மாட்டேங்கா. நான் என்ன சின்னப் புள்ளையா பந்து விளையாடன்னு கட்டிலுக்கு அடியில உருட்டி விட்டுருதா. நானும் சொல்லிப் பார்த்துட்டேன், நர்ஸும் சொல்லிப் பார்த்தாச்சு." கையில் இருந்த படத்தைப் பார்த்தார். "இதை நான் என்ன செய்ய டீச்சர்?"

ஜெசிந்தா அவர் கையிலிருந்து படத்தை வாங்கினாள். தரையில் கிடந்த தன்னுடைய படங்களில் ஒன்றைத் தள்ளி வைத்து, அந்த இடத்தில் அதை வைத்தாள்.

"படம் என்கிட்ட இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க வீட்டுக்குப் போய், கரண்டியை எடுத்துக்கிட்டுப் போய் மதினியோட இடது கையில கொடுங்க."