கரடியின் ஒரு நிமிடம்

ஒரு காட்டில் விமானம் விடும் பைத்தியம் பிடித்த மிருகங்கள் சில இருந்தன.

"இறக்கை இல்லாததுகளுக்கு ஏன் இந்த ஆசை?" என்று கிளிகள் கேலி செய்துவிட்டுப் பறந்துபோயின. மிருகங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெர்மோகோலை வெட்டி இறக்கை செய்தன. மூக்கில் ஒரு சின்ன விசிறி, வயிற்றில் ஒரு பேட்டரி, வாலில் அசைகிற ஒரு மடல். தரையில் நின்றபடி ரிமோட்டில் உள்ள குச்சியை வலது பக்கம் தள்ளினால், மேலே விமானம் வலது பக்கம் திரும்பும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

ரிமோட்டுகளைக் குரங்குதான் டவுனிலுள்ள பழைய சாமான் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தது. எல்லாம் ஒரே ரகம். அதில்தான் ஒரு சங்கடம். இரண்டு ரிமோட்டை ஒரே நேரத்தில் போட்டால், வானத்தில் இருக்கும் விமானத்துக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாது. தலைகுப்புற வந்து மண்ணில் குத்தும்.

அதற்காகத்தான் சிவப்புக் கிளிப்பு. துணி காயப்போடும்போது மாட்டுவோமே, அதே கிளிப்புதான். அவை விமானம் விடும் மைதானத்து ஓரத்தில் ஒரு கம்பத்தில் அது மாட்டியிருக்கும். யார் அதை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொள்கிறாரோ அவர் மட்டும்தான் ரிமோட்டைப் போடலாம். விமானம் இறங்கியதும் ரிமோட்டை அணைத்துவிட்டுக் கிளிப்பைக் கம்பத்தில் மாட்டிவிட வேண்டும்.

ஒரே கிளிப்பு. ஒரே காது. இதில் குழம்ப என்ன இருக்கிறது, பிள்ளைகளே?

யாரும் குழம்பவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல். எல்லாருக்கும் விதி தெரியும். கரடிக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். யார் மைதானத்துக்கு வந்தாலும் "கிளிப்பு இல்லாமல் ரிமோட்டைத் தொடாதே!" என்று கரடிதான் முதலில் சொல்லும். ஒரு நாளைக்கு நாலு பேருக்காவது அறிவுரை சொல்லாவிட்டால் கரடிக்குத் தின்ற தேன் செரிக்காது.

அந்தக் கூட்டத்தில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. வாய் பேசாது, கை வேலை செய்யும். மழைக்காலம் முழுவதும் வளைக்குள் உட்கார்ந்து ஒரு விமானம் செய்தது. தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முட்களையே இறக்கைக்குச் சட்டமாக வைத்தது. வேப்பம்பிசின் தடவி ஒட்டியது. மழை விட்டதும் ஒருநாள் விடியற்காலையில், காற்று எழும்புவதற்கு முன்பே, மைதானத்துக்கு வந்தது. கிளிப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு விமானத்தை விட்டது.

விமானம் மூங்கில் தோப்புக்கு மேலே ஏறி, ஒரு வட்டம் போட்டு, இளவெயிலில் பளபளவென்று திரும்பியது. முள்ளம்பன்றிக்கு முட்களெல்லாம் சிலிர்த்துக்கொண்டன. அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த நொடி விமானம் துடித்தது. முள்ளம்பன்றி குச்சியை இப்படித் தள்ளியது, அப்படித் தள்ளியது. விமானம் எதையும் கேட்கவில்லை. நேரே வந்து மண்ணில் குத்தி, மூக்கு உடைந்தது.

சற்று நேரத்தில் மைதானத்து ஓரத்திலிருந்த பெரிய பாறைக்கு அந்தப்பக்கத்திலிருந்து கரடி வந்தது. ஒரு கையில் தன் பெரிய மஞ்சள் விமானம், மற்றொரு கையில் ரிமோட்.

"ஐயையோ, விழுந்துவிட்டதா! வால் கனம் தம்பி, வால் கனம். நான் பார்த்தவுடனே சொல்லியிருப்பேன்" என்றது.

இப்போது உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். கரடியின் குகை பாறைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து மைதானம் தெரியாது. தினமும் காலையில் கிளம்புவதற்கு முன் கரடி வாசலில் உட்கார்ந்து ரிமோட்டைப் போடும். வால் மடல் அசைகிறதா, விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கும். அணைத்துவிட்டுக் கிளம்பும். அவ்வளவுதான். கிளிப்பா? கிளிப்பு மைதானத்துக்குத்தானே! இது அதன் வீடு. அதுவும் ஒரு நிமிட வேலை.

அன்று காலை ஒரு விஷயம் நடந்தது. கரடி குச்சியைத் தொடவே இல்லை, ஆனாலும் மஞ்சள் விமானத்தின் வால் மடல் தானாகத் துள்ளியது. பாறைக்கு இந்தப்பக்கம் முள்ளம்பன்றி குச்சியைத் தள்ளிய தள்ளுதான் அது. வேறு யாராக இருந்தாலும் ஒரு கணம் யோசித்திருப்பார்கள். கரடி யோசிக்கவில்லை. "திருகு தளர்ந்திருக்கிறது" என்று சொல்லித் திருகை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டது.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்! கதை சொல்கிறவனுக்குக் கதைக்குள்ளே போய் ஒரு குட்டு வைக்க வழியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

முள்ளம்பன்றி மூக்கை ஒட்டி மறுநாள் விடியற்காலையிலும் வந்தது. கிளிப்பை மாட்டியது. விமானம் ஏறியது, வட்டம் போட்டது, பளபளவென்று திரும்பியது. பாறைக்கு அந்தப்பக்கம் கரடியும் ரிமோட்டைப் போட்டது. அங்கே வால் துள்ளியது. "மறுபடியும் இந்தத் திருகு!" என்று கரடி அலுத்துக்கொண்டது.

இங்கே விமானம் விழுந்தது. வெறும் மண்ணில் விழுந்திருந்தால் பரவாயில்லை. புல் மேய்ந்துகொண்டிருந்த மான்குட்டிகளுக்கு நடுவில் வந்து குத்தியது. ஒரு குட்டிக்குக் காதோரம் கீறிவிட்டது. குட்டிகள் சிதறி ஓடின. தாய்மான்கள் அலறின.

யானை வந்துவிட்டது. அந்த மைதானத்துக்கு யானைதான் தலைவி. யாரிடமும் பாரபட்சம் காட்டாது, ஆனால் பொறுமை கொஞ்சம் குறைவு.

"என்ன முள்ளம்பன்றி இது? குட்டியின் கண்ணில் பட்டிருந்தால்?"

"அம்மா, விமானம் என் பேச்சைக் கேட்கவில்லை. யாரோ இன்னொரு ரிமோட்டைப் போட்டிருக்கிறார்கள்" என்றது முள்ளம்பன்றி. அது அவ்வளவு நீளமாகப் பேசியதே அன்றுதான் முதல்முறை.

"யார் போட்டது? இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று குரங்கு தன் ரிமோட்டைத் தூக்கிக் காட்டியது. அணைந்துதான் இருந்தது. அங்கிருந்த மற்றவர்களுடையவையும் அணைந்தே இருந்தன.

அந்த நேரம் பார்த்துக் கரடி வந்து சேர்ந்தது. விஷயத்தைக் கேட்டதும் அதற்குக் கோபம் பொங்கியது.

"விடத் தெரியாமல் விழவைத்துவிட்டு அடுத்தவர் மேல் பழி போடுவதா? நம் மைதானத்தில் கிளிப்பு இல்லாமல் ரிமோட் போடுகிற அயோக்கியன் யார் இருக்கிறான்? இருந்தால் நானே அவன் காதைத் திருகுவேன்!"



யானை தும்பிக்கையைத் தரையில் தட்டியது. "இதுதான் கடைசி. இனி ஒருமுறை உன் விமானம் விழுந்தால், நீ இந்தப் பக்கமே வரக் கூடாது. விமானத்தை மறந்துவிட வேண்டியதுதான். குட்டிகள் நடமாடும் இடம் இது."

முள்ளம்பன்றி தலையாட்டிவிட்டு, உடைந்த துண்டுகளைப் பொறுக்கப் புதருக்குள் போனது. அழுததா என்று தெரியவில்லை. போனது திரும்பி வர வெகுநேரம் ஆனது.

அந்த இடைவெளியில் கரடி கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமியது.

"எல்லாருக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு வர வேண்டும். நான் தினமும் பார்க்கிறேன். என் விமானம் என்றைக்காவது விழுந்திருக்கிறதா?"

எல்லாரும் "ஆமாம் அண்ணே" என்று தலையாட்டிவிட்டு அங்கேயே மறந்தும்போனார்கள். கரடியின் அறிவுரைகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மரியாதை அதுதான்.

முயலக்கா மட்டும் மறக்கவில்லை. அது கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்யும். அதன் வளை கரடியின் குகைக்குப் பக்கத்தில், அதே பாறைக்கு அந்தப்பக்கம்தான் இருந்தது.

மறுநாள் காலை. முள்ளம்பன்றி விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தது. இறக்கையில் தடவிய பிசின் இன்னும் காயவில்லை. காய்ந்தாலும் விடத் தைரியம் இருந்ததா என்பது வேறு விஷயம். இன்று விழுந்தால் அத்துடன் எல்லாம் முடிந்தது.

வானத்தில் ஒன்றும் இல்லாததால் அன்று கரடியின் வீட்டில் வால் துள்ளவில்லை. "பார்த்தாயா, திருகை முறுக்கியது வீண்போகவில்லை" என்று கரடி தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தது.

"தம்பி, இன்றைக்கு நீ சும்மா உட்கார்ந்து பார். விமானம் எப்படி விடுவது என்று நான் காட்டுகிறேன்" என்று சொல்லிக் கிளிப்பைத் தன் காதில் மாட்டிக்கொண்டது.

மஞ்சள் விமானம் எழும்பியது. உண்மையைச் சொல்ல வேண்டும், கரடி நன்றாகவே விடும். ஒரு குட்டிக்கரணம் போடவைத்தது. குரங்கு கைதட்டியது. யானையும் காதை விசிறிக்கொண்டு பார்த்தது.

"குச்சியை மெதுவாக, இப்படி, பூவைத் தொடுகிற மாதிரி..." என்று கரடி சொல்லிக்கொண்டே இருந்தபோது விமானம் துடித்தது.

கரடி குச்சியை இழுத்தது. விமானம் கேட்கவில்லை. கரடி இரண்டு கையாலும் இழுத்தது. விமானம் மல்லாந்து, சுழன்று, கீழே வந்தது.

"ஐயோ! என் பேச்சைக் கேட்கவில்லை! யாரோ இன்னொரு ரிமோட்டைப் போட்டிருக்கிறார்கள்!" என்று கரடி கத்தியது.

டமார்! விமானம் பாறைமேல் மோதிச் சுக்குநூறானது.

யானை மெல்லத் திரும்பியது. "நேற்று இதே வார்த்தையை வேறு ஒருவர் சொன்னார்" என்றது.

"அது வேறு, இது வேறு தலைவி! இது நிஜமாகவே யாரோ..."

அதற்குள் பாறையைச் சுற்றிக்கொண்டு முயலக்கா துள்ளித் துள்ளி வந்தது. முகமெல்லாம் மகிழ்ச்சி.

"கரடியண்ணே! நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். வீட்டு வாசலிலேயே ரிமோட்டைப் போட்டு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்!"

யானை காதை விசிறுவதை நிறுத்தியது.

"ஒன்றுதான் புரியவில்லை அண்ணே. நான் குச்சியைத் தொடவே இல்லை, வால் மடல் தானாகத் துள்ளியது. உங்கள் விமானத்துக்கும் அப்படி ஆகுமா?"

அறிவுரை கேட்டு ஒருவர் எதிரே நிற்கும்போது கரடியால் சும்மா இருக்க முடியுமா?

"ஆகும், ஆகும். பயப்படாதே முயலக்கா. திருகு தளர்ந்திருக்கும். ஒரு முறுக்கு முறுக்கினால்..."

"எப்போது ஆகும்?" என்று யானை குறுக்கே கேட்டது.

"முந்தாநாள் காலையில் ஆனது. நேற்றுக் காலையில் ஆனது. இன்றைக்குத்தான்..."

கரடி நிறுத்தியது. அதன் கண்கள் முள்ளம்பன்றியின் மடியிலிருந்த விமானத்துக்குப் போயின. ஒட்டிய மூக்கு. ஒட்டிய இறக்கை. கரடியின் காதில் கிளிப்பு மட்டும் சிவப்பாக ஆடிக்கொண்டிருந்தது.

முயலக்காவுக்கும் அப்போதுதான் விஷயம் எட்டியது. பாறைமேல் சிதறிக் கிடந்த மஞ்சள் துண்டுகளைப் பார்த்தது. "ஐயோ, என்னாலா?" என்று வாயைப் பொத்திக்கொண்டது.

"நான்... ஒரு நிமிடம்தான் போடுவேன்" என்றது கரடி. குரல் தேய்ந்துபோயிருந்தது.

"விழுவதற்கு அவ்வளவு நேரம்கூட வேண்டியதில்லை" என்றது முள்ளம்பன்றி.

யானை முள்ளம்பன்றியின் முன்னால் வந்து நின்றது. "நேற்று உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வருத்தப்படுகிறேன். நீ எத்தனை நாள் வேண்டுமானாலும் இங்கே விடலாம்" என்றது. பிறகு கரடியின் பக்கம் திரும்பியது. "காதைத் திருகுவேன் என்றாயே, ஞாபகம் இருக்கிறதா?"

கரடி தன் காதிலிருந்த கிளிப்பைத் தானே கழற்றியது. தலைகுனிந்து முள்ளம்பன்றியிடம் நீட்டியது. "தப்பு என்னுடையது தம்பி" என்று சொன்னது. அறிவுரை ஏதும் கலக்காமல் கரடி சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

முள்ளம்பன்றி இறக்கையைத் தொட்டுப் பார்த்தது. பிசின் காய்ந்திருந்தது. எழுந்து நின்று கிளிப்பைக் காதில் மாட்டிக்கொண்டது. ரிமோட்டைப் போடப் போன கை பாதியில் நின்றது.

"எல்லாரும் அணைத்திருக்கிறீர்களா?"

"அணைத்தாயிற்று!" என்றது குரங்கு.

"அணைத்துவிட்டேன்!" என்றது முயலக்கா.

"நான் எப்போதோ அணைத்துவிட்டேன்" என்றது கரடி.

முள்ளம்பன்றி கரடியின் கையைப் பார்த்தது. எல்லாரும் பார்த்தார்கள். கரடியும் குனிந்து பார்த்தது. அதன் ரிமோட்டில் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

என்னத்தைச் சொல்ல!

கரடி அவசர அவசரமாக அதை அணைத்தது. அணைந்ததா என்று இரண்டு தரம் தட்டிப் பார்த்தது. பிறகு ரிமோட்டைக் கொண்டுபோய் யானையின் காலடியில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளிப்போய் நின்றது.

முட்களால் சட்டம் கட்டிய விமானம் மூங்கில் தோப்புக்கு மேலே ஏறியது. ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. கீழே மான்குட்டிகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி புல் மேய்ந்தன. விமானம் முள்ளம்பன்றியின் காலடியில் மெல்ல வந்து இறங்கும்வரை கரடி வாயே திறக்கவில்லை.

நீதி: "ஒரு நிமிடம்தானே" என்று நம் வீட்டுக்குள் நாம் மீறும் விதி, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்னொருவரை வீழ்த்தும்.