ஹார்ட் டிஸ்க்கில் தூங்கிய குரல்

ஜெபக்கனியின் கை முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தது. கால் பெருவிரலில் ஒரு கயிறு. அது திரைச்சீலைக்கு அடியில் போய், அந்தப் பக்கம் தொங்கிய சேலைத்தொட்டிலில் முடிந்தது. தொட்டிலில் அவளுடைய மகள். இந்தப் பக்கம் கடை. கெட்டுப்போன கம்ப்யூட்டர்களைச் சரிசெய்கிற கடை.

அவளிடம் தொழில் படிக்கிறவர் ஆவுடையப்பன். தூத்துக்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்து, கல்யாணம் காட்சியெல்லாம் படம் பிடித்தவர். ஸ்டுடியோவை மூடியபிறகு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகளைவிட ஜெபக்கனி இளையவள். கேலிக்குத்தான் அவளை முதலில் டீச்சரம்மா என்று கூப்பிட்டார். போகப்போக அதுவே வாயில் நின்றுவிட்டது.

அன்றைக்கு அவரே ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கூடவே சவரிமுத்துவையும் அழைத்து வந்திருந்தார். சவரிமுத்து கழுத்தில் வெள்ளைத் துணி. உட்காரச் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

“இவிய மக ஜெசிந்தா கல்யாணத்தை நான்தான் எடுத்தேன்,” என்றார் ஆவுடையப்பன். “மண்டபத்துல இவிய மைக் பிடிச்சுப் பேசினது இதுக்குள்ளதான் இருக்கு. அதுக்கப்புறம் தொண்டையில ஆபரேஷன். குரல் போயிட்டு. ஜெசிந்தா இப்ப பேறுகாலத்துக்கு வந்திருக்கா. பிறக்கிற பிள்ளை தாத்தா குரலைக் கேக்கணும்ங்கா. அவளுக்குக் கொடுத்த பென்டிரைவ் வீடு மாறும்போது தொலைஞ்சு போச்சாம்.”

“வேற எங்கயாவது இருக்கா?”

“கிடையாது.”

“சரி, இதுக்கு என்ன?”

“அலமாரியில இருந்து விழுந்துட்டு. மாட்டினா திறக்க மாட்டேங்கு. ஃபார்மட் பண்ணவான்னு கேக்கு.”

கீரை உருவிய கை நின்றது. “பண்ணிட்டியளா?”

“ஐயோ, இல்ல.”

“நல்லது. வேற என்ன பண்ணிய?”

“பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன்.”

“அப்புறம்?”

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார். “அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சேன்.”

“தண்ணியிலயா விழுந்துச்சு?”

“தரையிலதான். நனைஞ்ச செல்போனை வைப்போம்லா. எதுக்கும் இருக்கட்டும்னு…”

“அந்த அரிசியில சோறு பொங்கியாச்சா?”

சவரிமுத்துவின் தோள் குலுங்கியது. சத்தமே இல்லாத சிரிப்பு.

ஜெபக்கனி கையைத் துடைத்துக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கை மாட்டினாள். அதன்மேல் காதை வைத்துக் கேட்டாள். “டக்கு டக்குன்னு தட்டல. தட்டியிருந்தா நான் தொடவே மாட்டேன். பெரிய இடத்துக்கு அனுப்பியிருப்பேன்.”

அப்புறம் புதிதாக ஒரு பெரிய டிஸ்க்கைப் பக்கத்தில் மாட்டினாள். “பழசுல உள்ளதெல்லாம், நல்லது கெட்டதோட அப்படியே இதுக்கு வரட்டும். தேடுறதை இதுல தேடுவோம்.”

திரையில் கோடு ஊர ஆரம்பித்தது. எறும்புகூட அதைவிட வேகமாகப் போகும்.

“டீச்சரம்மா.”

“சொல்லுங்க.”

“ஒரே ஒரு தடவை பழசைத் திறந்து, அந்தப் படம் உள்ள இருக்கான்னு மட்டும் பாத்துக்கிடட்டுமா? இவிய காத்துக்கிட்டு இருக்காவ.”

அவள் திரைச்சீலையைக் கைகாட்டினாள். “பிள்ளை உறங்கிட்டாளா என்னன்னு தெரியல. எழுப்பிக் கேட்டுட்டு வாங்க அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் எழுந்தே விட்டார். திரைச்சீலை வரைக்கும் போனபிறகுதான் நின்றார். திரும்பி வந்து, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்குமேல் கோடு ஓரிடத்தில் நின்றுபோனது. சவரிமுத்து நாற்காலியைவிட்டு எழுந்தார். ஆவுடையப்பன் கை வயர்மேல் போனது.

“நின்னுட்டு டீச்சரம்மா!”

“நிக்கட்டும்.”

“பிடுங்கி மாட்டுவோமா?”

“அடிபட்ட இடம் போல. அதைத் தாண்டிப் போகச் சொல்லியிருக்கேன். வர்றதையெல்லாம் எடுத்துட்டு, அப்புறமா அங்க திரும்பி வரும்.” உருவ வராத காம்புகளை அவளும் முறத்தின் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள்.

சவரிமுத்து நின்றுகொண்டேயிருந்தார். கோடு மறுபடி ஊர்ந்தபோதுதான் உட்கார்ந்தார்.

வெயில் தாழ்ந்தபோது வேலை முடிந்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றி, பிள்ளையின் பழந்துணியில் சுற்றி, மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள் ஜெபக்கனி. புதிய டிஸ்க்கில் தேடியபோது படங்கள் வரிசையாகக் கிடைத்தன. பேரெல்லாம் அழிந்து, வெறும் எண்களாக. மீட்டதை எங்கே வைக்க என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆவுடையப்பன் தேடின டிஸ்க்கையே காட்டப்போனார்.

மணிக்கட்டில் ஒரு முருங்கைக்காம்பு சுளீரென்று விழுந்தது.

“அதுல காலியா இடம் கிடக்கே டீச்சரம்மா!”

“தொட்டிலும் வெளிய இருந்து பாத்தா வெறும் துணிதான். காலின்னு நினைச்சு மேல மூட்டையத் தூக்கி வச்சிருவியளா?”

அவர் வேறொரு டிஸ்க்கை எடுத்து மாட்டினார்.

ஒவ்வொன்றாகத் திறந்தார். யார் யாருடைய கல்யாணமோ வந்தது. ஒன்றில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. ஆனால் குரல் உடையவில்லை. மண்டபம் முழுக்க நிறைந்த மைக் குரல்.

“மாப்ள, இவ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. என்னைய மாதிரி. நீங்கதான் கேட்டுக்கிடணும்!”

கூட்டம் சிரிக்கிற சத்தம் அதன் பின்னால் வந்தது.

சவரிமுத்துவின் கை கழுத்துத் துணிக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு ஒரு விரலைச் சுழற்றிக் காட்டினார். இன்னொரு தடவை. அது முடிந்ததும் உள்ளங்கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார். சத்தமாக.

திரைச்சீலைக்குப் பின்னால் தொட்டில் அசைந்தது. ஆவுடையப்பன் பதறி ஸ்பீக்கர் திருகைப் பிடித்தார். “பிள்ளை முழிச்சிருமே!”

ஜெபக்கனி அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“குறைக்காதீய அண்ணாச்சி, கூட்டி வைங்க. பகல் முழுக்க அசையாம, தட்டாம, இவ்வளவு பதனமா உறங்க வச்சது எதுக்குன்னு நினைச்சிய? அது ஒரு நாள் கண்ண முழிச்சு…”

தொட்டிலிலிருந்து குரல் வந்தது. “ம்மா!”