கயிறு மாற்றும் திட்டு

ஒரு ஆறு, இரண்டு அரசு. ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டு. அது யாருக்கும் சொந்தமில்லை. அதனாலேயே இரண்டு அரசுக்கும் வேண்டியிருந்தது.

தென்கரைக் கோட்டைக்குத் தலைவர் சென்னியப்பர். அறுபத்தொரு வயது. வடகரையில் குற்றம் செய்துவிட்டு இந்தப் பக்கம் ஓடிவந்தவன் பிடிபட்டால், அவனைக் கட்டி அந்தத் திட்டுக்கு அழைத்துப் போவார். வடகரைக்காரர்கள் தங்கள் கயிற்றைக் கட்டுவார்கள். பிறகு இவர் தம் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் பட்டியின் ராசியும் அதோடு போய்விடும் என்பது அந்த ஊர் வழக்கம். மாட்டுக்கு இருந்ததை மனிதனுக்கும் வைத்துக்கொண்டார்கள். சென்னியப்பர் கயிற்றை ஆற்றிலேயே அலசிக் காயவைத்து, கோட்டையில் ஆணியில் மாட்டிவிடுவார். அத்தோடு வேலை முடிந்தது. முப்பது வருஷத்தில் பதினோரு பேர். ஒரு நாளும் அவருக்குச் சோறு இறங்காமல் இருந்ததில்லை.

பன்னிரண்டாவது ஆள் வந்தபோதுதான் வினை பிடித்தது.

ஆளின் பெயர் பொங்கியண்ணன். சுண்ணாம்பு சுடும் காளவாயில் வேலை செய்தவன். வடகரையில் நெல் களஞ்சியத்துக்குத் தீ வைத்தான், உள்ளே இருந்த காவல்காரர் வெந்து செத்தார் என்பது வழக்கு. தீ வைத்தவனைத் தீயிலேயே போடுவது அந்த நாட்டுச் சட்டம். முழங்கை வரைக்கும் அவனுக்குத் தழும்பு. காளவாய்த் தழும்பு என்று அவன் சொன்னான். களஞ்சியத் தழும்பு என்று அவர்கள் சொன்னார்கள். தழும்பு ஒன்றும் சொல்லவில்லை.

சென்னியப்பர் சிறைப் பக்கம் போகும்போதெல்லாம் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "கொடுக்கறதா இருந்தா ஒரு நாள் முன்னாடி சொல்லிருங்க. பயத்துல அசிங்கமாயிடாம வயித்துல ஒண்ணும் இல்லாம போயிடறேன்" என்பான்.

கோட்டை வாசலுக்கு வந்தால் அங்கே இன்னொருத்தி. செத்துப்போன காவல்காரரின் மனைவி மாராக்காள். ஆற்றைக் கடந்து வந்து ஆறு நாளாக அங்கேயே உட்கார்ந்திருந்தாள். காவல்காரரின் தடி எரிந்து சாம்பலாகி, அதன் இரும்புப் பூண் மட்டும் மிஞ்சியிருந்தது. அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பாள்.

"எப்பங்க கொடுப்பீங்க?"

"பாக்கலாம்மா."

"எம் புருஷனை யாரும் பாக்கலாம்னு சொல்லி நிறுத்தி வைக்கலீங்களே."

ஆளைக் கேட்டிருந்த வடகரைக்கு அமாவாசைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இன்னும் ஐந்து நாள். சென்னியப்பர் உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார், நடந்த இடத்திலேயே திரும்ப நடந்தார். கடைசியில் தரகுச் சாமியிடம் போனார்.

சாமிக்கு வயது நாற்பதுதான். பாதி ஆயுளை மாட்டுத் தரகில் கழித்துவிட்டு, ஒரு நாள் சந்தையிலிருந்து வீட்டுக்குப் போகாமல் பாறையடிக்கு வந்து உட்கார்ந்துகொண்டவர். அத்தனை பொய்யையும் சந்தையிலேயே சொல்லித் தீர்த்துவிட்டதால், இனி அவர் வாயில் மெய்தான் மிச்சம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். தம்மைவிட இருபது வயது சின்னவரைக் குருவாகக் கொண்டதற்காகச் சென்னியப்பரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

சாமி தட்டில் கொள்ளுப் பயறைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க, கோட்டையாரே."

"உட்கார முடியலீங்க சாமி. கொடுக்கறதா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

"அவன் செஞ்சானா?"

"தெரியாதுங்க. செய்யலைங்கறான். ஒருத்தன் ஓடறதைச் செத்தவரோட சம்சாரம் பாத்திருக்குது. முதுகைத்தான் பாத்துச்சாம்."

"அங்க விசாரிப்பாங்களா?"

"விசாரிப்பாங்க. அடிச்சு விசாரிப்பாங்க."

"அப்பக் கொடுக்காதீங்க."

"கொடுக்கலீன்னா? கொலை பண்ணிட்டு ஆத்தைத் தாண்டிட்டாப் போதும்னு ஆயிடாதுங்களா? வாசல்ல உட்கார்ந்திருக்கற பொம்பளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அப்பக் கொடுங்க."

சென்னியப்பருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இடுப்பில் செருகியிருந்த ஓலையை உருவி நீட்டினார்.

"விளையாடாதீங்க சாமி. இதைப் பாருங்க. வடகரை அரசரோட முத்திரை. இவன் உயிரை எடுக்க மாட்டோம்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. இதை நம்பலாமா, கூடாதா?"

சாமி ஓலையை வாங்கவில்லை.

"இந்த மாதிரி ஓலை இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"ஒரு தடவை வந்துச்சுங்க. ஒன்பது வருஷம் இருக்கும். காரியப்பன்னு ஒரு தறிக்காரன். அரண்மனைப் பட்டுத் துணியைத் திருடிட்டான்னு வழக்கு."

"அவன் என்ன ஆனான்?"

"தெரியாதுங்க."

"போய்ப் பாக்கலையா?"

"கொடுத்ததுக்கு அப்புறம் அது அவங்க நாடு, அவங்க சட்டம். நம்ம கயிறு நம்மகிட்ட வந்துருச்சுங்களே."

சாமி கல் பொறுக்குவதை நிறுத்தினார்.

"தரகு பண்ணின காலத்துல எனக்கு ஒரு அம்மாவைத் தெரியும். மாடு வித்தா எல்லாரையும் போல அவங்களும் கயித்தைக் கொடுக்க மாட்டாங்க. ஆனா வித்த மாட்டுக்குப் பின்னாடியே நடந்து போவாங்க. வாங்கினவன் தொழுவத்தைப் பாத்து, தீனி போடற காடியைப் பாத்து, குடிக்கற தண்ணியை மோந்து பாத்துட்டுத்தான் திரும்புவாங்க. சந்தையே சிரிக்கும். நானும் சிரிச்சிருக்கேன்."

"அதுக்கு?"

"அவ்வளவுதான்."

சாமி மறுபடியும் கொள்ளுக்குத் திரும்பிவிட்டார். கோட்டைக்குப் போகும் வழியெல்லாம் சென்னியப்பர் அவரைத் திட்டிக்கொண்டே போனார்.

ஆனால் மறுநாள் காலையில் பதவித் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, ஆளோடு ஆளாகப் பரிசல் ஏறினார். முப்பது வருஷத்தில் அந்தத் திட்டைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. வடகரையில் இறங்கி, விசாரித்து விசாரித்துக் காரியப்பனின் வீட்டைக் கண்டுபிடிக்க உச்சிவேளை ஆகிவிட்டது.

மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தான் காரியப்பன். உயிரோடுதான் இருந்தான். சென்னியப்பருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்களே! அப்படியானால் ஓலையை நம்பலாம். அந்தம்மாவுக்கும் நியாயம் கிடைக்கும், இவன் உயிரும் மிஞ்சும். இதற்காகவா இத்தனை நாள் செத்துப் பிழைத்தோம் என்று சிரிப்புக்கூட வந்தது. பக்கத்தில் போனார்.

அதற்குள் உள்ளிருந்து அவன் மனைவி கிண்ணத்தோடு வந்தாள். களியை உருட்டி அவன் வாயில் வைத்தாள். அவன் முன்னால் குனிந்தபோது துண்டு சரிந்தது. இரண்டு கையும் மணிக்கட்டோடு முடிந்திருந்தன.

காரியப்பன் மென்று விழுங்கிவிட்டு அவரை உற்றுப் பார்த்தான்.

"தென்கரைக் கோட்டையாருங்களா? தலைப்பாகை இல்லாம அடையாளம் தெரியலீங்க."

சென்னியப்பர் வெறுந்தலையைத் தடவிக்கொண்டார்.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான் காரியப்பன். குரலில் கோபமே இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பார். "அன்னிக்கு ஆத்துல தண்ணி ஜாஸ்தியா இருந்துச்சு. கயிறு பத்திரமாப் போய்ச் சேந்துச்சுங்களா?"

அங்கிருந்து எப்படித் திரும்பினார் என்று அவருக்கே தெரியாது. பரிசலிலிருந்து இறங்கினார், பின்வாசல் வழியாகக் கோட்டைக்குள் போனார், ஆணியிலிருந்த கயிற்றை எடுத்தார். அதைக் கையில் பிடித்தபடியே பாறையடிக்கு வந்து நின்றார்.

"உயிரை எடுக்கலீங்க சாமி. எழுதினபடியேதான் செஞ்சிருக்காங்க. ஒரு எழுத்துக்கூடத் தப்பலை."

பிறகு அழுதார். அறுபத்தொரு வயதுக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். சாமி தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

அழுது முடித்ததும் சென்னியப்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொங்கியண்ணனைக் கொடுக்க மாட்டேன். இங்கயே வச்சு விசாரிக்கறேன். வாசல்ல இருக்கற அந்தம்மாவைத் தவிர அந்தப் பக்கத்துச் சாட்சி ஒருத்தனும் வர மாட்டான். அரைகுறை விசாரணைதான் நடக்கும். நெசமாவே செஞ்சவனா இருந்தாத் தப்பிச்சாலும் தப்பிச்சுக்குவான். தெரிஞ்சுதான் சொல்றேன்."

"சரி."

"நம்ம அரசருக்கு நானே எழுதறேன். தலைப்பாகை போனாலும் போகட்டும்."

"சரி."

சென்னியப்பர் கிளம்பவில்லை. கயிற்றை முறுக்கினார், பிரித்தார், திரும்பவும் முறுக்கினார்.

"இன்னும் என்ன, கோட்டையாரே?"

"ஒரே ஒரு உதவிங்க சாமி. வாசல்ல அந்தம்மா உட்கார்ந்திருக்குது, அந்தப் பூணைக் கையில வச்சுக்கிட்டு. இன்னிக்கு நான் அந்தப் பக்கமே போகாம பின்வாசல் வழியா வந்துட்டேன். அது முகத்தைப் பாத்து என்னால சொல்ல முடியாதுங்க. நீங்க ஒரு எட்டு வந்து, பக்குவமா ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லிருங்க. நீங்க சொன்னாக் கேக்கும்."

சாமி கொள்ளுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மறுபடியும் கயிறு மாத்தப் பாக்கறீங்க."