தீப்படக் கூடாத அடுப்பு

கடகட. கடகட. கடகட.

“உள்ள ஏதோ கழண்டு கெடக்குல,” என்றான் சீவலமுத்து.

“எனக்கும் அப்படித்தான் படுது. இன்னொருக்கா ஆட்டு,” என்றான் வண்டிமலை.

கடகட.

மாடக்கண்ணு ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவை வாங்கிக் காதோடு ஒட்டவைத்து, டாக்டர் நெஞ்சைப் பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக் கேட்டான். பிறகு பெருமூச்சு விட்டான். அவன் ராசி அப்படி. புதுசாக வாங்கினதிலேயே ரிப்பேர்.

மூன்று பேரும் ரோடு பிரிகிற உப்போடை விலக்கில் சாயங்காலமானால் கோழி சுட்டு விற்கிறவர்கள். பழைய டீசல் பீப்பாயை நெடுக்காக அறுத்து, நாலு கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டது அவர்களுடைய கரியடுப்பு. மழையும் மசாலாவும் பட்டுப் பட்டு அது காவி கட்டின சாமியார் நிறத்துக்கு வந்திருந்தது. அது பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை, மாடக்கண்ணுவின் கொழுந்தியாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிற வரைக்கும்.

வரவேற்பில் சுட்ட கோழி வேண்டுமென்று மாப்பிள்ளை வீட்டில் ஆசைப்பட்டார்கள். “எங்க வீட்டுக்காரரே சுடட்டும்பா,” என்று மாடக்கண்ணுவின் மனைவி கோமு தன் அப்பா குத்தாலிங்கத்திடம் மல்லுக்கு நின்றாள். அவர் கடைசியில் இறங்கி வந்தார். “சரி, அந்த ஆளே சுடட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை வந்து அடுப்பைப் பாப்பேன். துருப்பிடிச்ச சவத்தை மண்டபத்துக்குள்ள விடமாட்டேன்.”

அந்த ஆள் என்றது மாடக்கண்ணுவை. கல்யாணமான புதிதில், மச்சினன் வீட்டுப் பால்காய்ப்புக்கு அவனை வாசலில் நிறுத்தி, “பத்திரிகை இல்லாத ஒருத்தரையும் உள்ள விடாதீங்க” என்று சொன்னவர் குத்தாலிங்கம்தான். சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் போனார். திரும்பி வந்தவர் கையில் வெற்றிலை இருந்தது, பத்திரிகை இல்லை. மாடக்கண்ணு விடவில்லை. பால் பொங்கி, பந்தி முடிந்து, இலை எடுக்கிற வரைக்கும் அவர் தெருவிலேயே நின்றார். அன்றைக்குப் போனதுதான், அவர் வாயிலிருந்து ‘மாப்ளே’ என்ற சொல். மற்ற மருமகன்களை அவர் அப்படிக் கூப்பிடும்போது மாடக்கண்ணு வேறெங்கோ பார்த்துக்கொள்வான். கோழியைத் திருப்பிப் போடும்போதுகூட அந்த நினைப்பு வரும். ஒரு பக்கம் கருகிவிடும்.

தென்காசி பெயிண்ட் கடைக்காரர் நல்ல மனுஷர். சூடு தாங்குகிற கறுப்புப் பெயிண்ட் மூன்று டப்பா எடுத்துக் கொடுத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். துருவை ஒரு பொட்டு விடாமல் தேய்த்து எடுக்க வேண்டும். பெயிண்ட் படக்கூடாததை எல்லாம் பேப்பர் போட்டு மூட வேண்டும். டப்பாவை நன்றாகக் குலுக்க வேண்டும். மூன்று பேரும் ஆளுக்கொன்றாக மனதில் வாங்கிக்கொண்டார்கள். நாலாவதாக இன்னொன்று சொல்ல வாயெடுத்தார். வந்ததே மூன்று பேர்தான் என்பதால் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

குலுக்குகிற பொறுப்பு சீவலமுத்துவுடையது.

“குலுக்கச் சொன்னாரு. குலுக்கினா சத்தம் வரும்னு சொல்லலியே.”

“சத்தம் நிக்கிற வரைக்கும் குலுக்கச் சொல்லியிருப்பாரு,” என்றான் வண்டிமலை.

மாடக்கண்ணு வீட்டுக் கொல்லையில் நின்று மாற்றி மாற்றிக் குலுக்கினார்கள். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். மாடக்கண்ணு களைத்துப்போய் டப்பாவைக் கீழே வைத்தான். சத்தம் நின்றுவிட்டது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரியாயிட்டு,” என்றான் சீவலமுத்து, அடக்கமாக.

அடுத்தது துரு. அது வண்டிமலை பொறுப்பு. உப்புத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பக்கவாட்டெல்லாம் பளபளவென்று வந்தது. அடிப்பக்கம் வந்தபோதுதான் தேய்க்கத் தேய்க்கத் துருவாகவே உதிர்ந்தது. அவனும் விடவில்லை. கடைசித் துருவும் போனபோது, அதற்குப் பின்னால் தரை தெரிந்தது. ஒரு பெரிய தாம்பாளம் நுழைகிற அளவுக்கு.

“ஏல, என்னல இது?” என்றான் மாடக்கண்ணு.

“துரு இருந்த எடம்.”

“அடுப்பு எங்கல?”

வண்டிமலை கொஞ்சம் யோசித்தான். “துருவை எடுக்கச் சொன்னாரு, எடுத்தாச்சு. மிச்சம் இருக்கதுதான் அடுப்பு. இம்புட்டு நாளும் நாம துருவையும் சேத்து அடுப்புன்னு நெனச்சிட்டு இருந்திருக்கோம்.”

மாடக்கண்ணுவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் பேச்சில் பிசகு கண்டுபிடிக்க முடியவில்லை.

அவன் பொறுப்பு மூடுவது. பெயிண்ட் படக்கூடாதது எது எதுவென்று நிதானமாக யோசித்தான். சுவரில் படக்கூடாது. கோமுவின் தையல் மெஷினில் படக்கூடாது. வண்டிமலையின் பைக்கில் நிச்சயமாகப் படக்கூடாது. பக்கத்து வீட்டு ஆட்டின் மேல் பட்டால் சண்டை வரும். ஊரில் யார் வீட்டில் பழைய பேப்பர் உண்டோ அத்தனையையும் வாங்கி வந்தான். சுவரை மூடினான், மெஷினை மூடினான், பைக்கைக் கட்டினான், முருங்கை மரத்தை எட்டின மட்டும் சுற்றினான். ஆட்டுக்குச் சுற்றினதை ஆடு தின்றது. மறுபடி சுற்றினான். அதையும் தின்றது.

“உள்ள போனாலும் மூடினதாத்தான் கணக்கு,” என்றான் சீவலமுத்து.

கோமு புறவாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அந்தக் கம்பி வலையில பெயிண்ட் படக்கூடாதுல்லா? கோழி வைக்கிற எடமாச்சே.”

“படக்கூடாதுதான். பேப்பர் தீந்துட்டு,” என்றான் மாடக்கண்ணு, வருத்தத்தோடு. கோமு வலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடிக்க ஆரம்பித்தார்கள். அடுப்பு அழகாகக் கறுத்துக்கொண்டு வந்தது. ஓட்டை மட்டும் கறுக்கவில்லை. ஒரு முறை அடித்தார்கள், அப்படியே இருந்தது. இரண்டாம் முறை அடித்தார்கள்.

“பெயிண்டைக் குடிக்கி பாத்தியா, சவம்,” என்றான் சீவலமுத்து. “நல்லா காஞ்சுபோய்க் கெடந்திருக்கு.”

ஒரு டப்பா முழுக்க ஓட்டைக்கே போயிற்று. அடுப்புக்கு அந்தப்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த வண்டிமலை நிமிர்ந்தபோது நெற்றியிலிருந்து தொப்புள் வரை கன்னங்கரேலென்று இருந்தான்.

“ஒன்னைய மூட மறந்துட்டேன்ல,” என்றான் மாடக்கண்ணு.

“பரவால்ல. இனிமே சூடு தாங்குவேன்.”

காய வைத்துவிட்டுச் சுற்றி நின்று பார்த்தார்கள். புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது அடுப்பு. மாடக்கண்ணு கரிச்சாக்கை இழுத்துக்கொண்டு வந்தான். அப்போதுதான் சீவலமுத்து, மூவரில் படித்தவன், காலி டப்பாவைத் திருப்பி வாசித்தான்.

“ஏல, நில்லு. தீக்கு அருகில் கொண்டு செல்லாதீர்னு போட்டிருக்கு.”

“டப்பாவையாக்கும்?”

“டப்பா வெறும் தகரம்ல. அதுக்கு என்ன வரப்போவுது. உள்ள இருந்த பெயிண்டைச் சொல்லுதான். அந்தப் பெயிண்டு இப்ப எங்க இருக்கு?”

மூவரும் அடுப்பைப் பார்த்தார்கள். பிறகு மற்ற இருவரும் கொஞ்சம் தள்ளி நின்ற வண்டிமலையைப் பார்த்தார்கள். அவன் வாயிலிருந்த பீடியை எடுத்துத் தூரப் போட்டான்.

அந்த நேரம் பார்த்துக் குத்தாலிங்கம் வந்து இறங்கினார்.

பேப்பர் சுற்றின முருங்கையைப் பார்த்தார், கறுத்த வண்டிமலையைப் பார்த்தார். அடுப்பைச் சுற்றி வந்தார். விரலால் தடவி, விரலைப் பார்த்தார். குனிந்தார்.

“இது என்ன?”

“துரு இருந்த எடம் மாமா,” என்றான் மாடக்கண்ணு.

“இப்ப இல்லல்லா?”

“பொட்டு இல்ல மாமா.”

“ம். பத்தவச்சு ஒரு கோழி போடுங்க. ருசி பாத்துட்டுப் போறேன்.”

மாடக்கண்ணு இரண்டு கையாலும் டப்பாவை நீட்டினான். குத்தாலிங்கம் கண்ணாடியை மாட்டி மெதுவாக வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார். இந்த இடத்தில்தான் தன் வாழ்க்கை முடிகிறது என்று மாடக்கண்ணு நினைத்தான்.

“எழுத்துல போட்ட பெறவு மீற முடியாது,” என்றார் அவர். “எங்கிட்ட பத்திரிகை இல்லாத அன்னைக்கு நீங்க விட்டீங்களா? அது மாதிரிதான் இதுவும். இது மண்டபத்து வாசல்ல நிக்கட்டும். கோழியைப் பின்னால எங்கயாச்சும் சுட்டுக் கொண்டாந்து இதுல வச்சுக் குடுங்க, மாப்ளே.”

மாடக்கண்ணுவுக்குச் சட்டென்று காது அடைத்தது. “மாமா, என்ன சொன்னிய?” என்று கேட்டான்.

“பின்னால சுடுங்கன்னேன்.”

கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, கோமு பத்திரமாக வைத்திருந்த வலையை மேலே போட்டுக் கோழி சுட்டார்கள். குத்தாலிங்கம் ஒரு தொடையைத் தின்று முடித்து, எலும்பை ஆட்டுக்குப் போட்டார். ஆடு பேப்பருக்குப் பிறகு எதையும் மதிக்கவில்லை. குத்தாலிங்கம் நன்றாக இருக்கிறது என்கிற மாதிரித் தலையாட்டிவிட்டுக் கல்லைப் பார்த்தார்.

“மாப்ளே, இது என்ன கரிப்பிடிச்சு அசிங்கமா கெடக்கு? கல்யாண வீட்டுக்கு இப்படியா கொண்டாருவீங்க?”

இன்னொரு டப்பா மிச்சம் இருந்தது.

தீயை முறையாக அள்ளித் தூரக் கொண்டுபோனார்கள். கல்லை ஆறவைத்தார்கள். கடகட, கடகட. சத்தம் நின்றதும் அடித்தார்கள். மூன்று கல்லும் கறுப்பு முயல்குட்டி மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. சீவலமுத்து சுற்றி ஒரு கோடு போட்டு, “இதுக்கு உள்ள யாரும் தீயைக் கொண்டாரப்பிடாது,” என்றான். குத்தாலிங்கம் ஆமோதித்தார்.

கோழியின் மறு தொடை இன்னும் வேகாமல் பச்சையாக இருந்தது. கோமு எழுந்து போய், ஓடைக்கரையிலிருந்து ஒவ்வொன்றாக வேறு மூன்று கல்லைத் தூக்கிவந்து போட்டாள். மாடக்கண்ணு, அள்ளிவைத்திருந்த கங்குகளை அதற்குள் தட்டி, வலையைப் போட்டு, கோழியைத் திருப்பி வைத்து, ஓலை விசிறியால் வீசத் தொடங்கினான்.